மேலே உன் நேரம், கீழே என் நேரம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ ஒன்பது முறை கூப்பிட்டதைப் பார்த்தேன், வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிடுவாய், நானும் சரி சரி என்று வைத்துவிட்டு, சொல்லாமல் விட்டதையெல்லாம் சமையலறையில் நின்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நடுவில் கோபம் வந்தாலும் கடைசிவரை படி. எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட உனக்கு வராது.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. லாரிப் பட்டறையில் இன்னமும் நின்றுகொண்டேதான் நம்பர் பிளேட் எழுதுகிறார். கண்ணாடியை மாற்றுங்கள் என்றால், நான் எழுதற நம்பர் போலீஸ்காரனுக்குத் தெரிஞ்சா போதும், எனக்கு எதுக்குத் தெரியணும் என்கிறார். மாடி அறையில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது. உன் பழைய புத்தகங்களில் நனைந்தவற்றை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் நல்ல செய்தி, இனி நீ அனுப்பிய பெட்டிக்கு வருகிறேன்.

நாலு சாமான் அனுப்பினாய், நாலும் சேர்ந்து என்னைப் படுத்தியது கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் பவர் பேங்க் செங்கல் கனம் கனக்கிறது, போனுக்குச் சார்ஜ் கொடுப்பதற்கு முன்னால் அதற்கே ஒரு பொழுது சார்ஜ் போட வேண்டியிருக்கிறது, பையில் வைத்தால் சூடேறி, தண்ணீர் சோதிக்கிற மருந்துப் பெட்டியின் ரப்பர் மூடியை இளக்கிவிடுகிறது. காதில் மாட்டுகிற இரண்டு பொத்தானில் ஒன்று மூன்றாம் நாளே வால்வுக் குழியில் விழுந்துவிட்டது, மிச்சமிருப்பது பைக்குள் கிடந்தபடியே தானாகப் போனோடு சேர்ந்துகொண்டு வருகிற அழைப்பையெல்லாம் பைக்குள்ளேயே முணுமுணுத்து முடித்துவிடுகிறது. வாட்ச் இருக்கிறதே, காலை ஆறரைக்குக் கிளம்பி பதினொரு மணிவரை தெருத் தெருவாக நடக்கிறவள் ஒரு பத்து நிமிஷம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், கையைச் சுரண்டி, எழுந்து நில்லுங்கள் என்கிறது. எங்கள் மேற்பார்வையாளர்கூட அப்படி விரட்டியதில்லை. போனைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஈரக் கையை அதற்குத் தெரியாது, என் வேலையோ தண்ணீரில். முகத்தைக் காட்டினால் திறக்கும் என்றாய், வெயிலுக்குத் துணி சுற்றிக்கொண்டு காட்டினால் யாரோ என்று நினைத்துக்கொள்கிறது, துணியை அவிழ்த்துவிட்டு நடுத்தெருவில் அதற்கு முகம் காட்டிக்கொண்டு நின்றால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், எனக்குக் கூசுகிறது. நாற்பது சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். டியூபில் மருந்து விட்டால் அந்த நிறத்தை உடனே பார்த்துவிட வேண்டும், நேரமானால் மாறிவிடும். சரியாக அந்த வேளை பார்த்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் உன்னைக் கூப்பிட்டேன், ஒவ்வொரு முறையும், ரீஸ்டார்ட் பண்ணும்மா என்றாய். நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள், எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள், என்னிடம் ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாய். பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டதுதான் தப்பு.

என் வேலை என்ன என்று நீ ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். தெருக்குழாய்த் தண்ணீரை டியூபில் பிடித்து மருந்து விட்டால், குளோரின் போதுமான அளவு இருந்தால் மஞ்சளாகும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளை என்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. முன்பு அதை நோட்டில் எழுதிவிட்டு உடனே பம்ப் ஹவுஸ் ஆபரேட்டருக்குப் போன் செய்து சொல்வேன், அவர் அந்தத் தெரு வால்வை மூடிவிடுவார். நல்ல மனிதர்தான், ஆனால் நக்கல் பேச்சு. என்ன டீச்சரம்மா, சத்தமே கேக்கல, தண்ணி பாக்கப் போனீங்களா தவம் பண்ணப் போனீங்களா என்பார். பதினாலு வருஷம் ஆகியும் அவருக்குப் போன் செய்வதற்கு முன் நான் சொல்ல வேண்டியதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இந்த வருஷம் நோட்டை எடுத்துவிட்டு, அவரவர் சொந்தப் போனில் ஒரு ஆப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். டியூபைப் படம் எடுத்துப் போட்டால் ஆப் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும், வெள்ளை என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், அது பம்ப் ஹவுஸ் திரையில் தெரியும், இனி யாரும் போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை. எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், இனி பேச வேண்டாமே என்று. இதை ஞாபகம் வைத்துக்கொள், நான் உன்மேல் மட்டும் கோபமாக இல்லை.

பழைய போன் பேட்டரி வீங்கிப்போய் நின்றபோது நீ அனுப்பிய போன் வந்தது. அங்கேயே எல்லாம் சரிசெய்துதான் அனுப்புகிறேன், நீ எதையும் தொட வேண்டாம் என்றாய், நானும் தொடவில்லை. பதினோரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். எட்டாம் நாள் பள்ளத்துத் தெருக் கடைசிக் குழாயில் டியூப் வெள்ளையாக நின்றது. இரண்டாம் முறையும் பிடித்துப் பார்த்தேன், வெள்ளை. மணி ஏழு இருபது. சிவப்பை அழுத்தினேன், போய்ச் சேர்ந்தது என்று காட்டியது, அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன். அந்தக் குழாய் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் என் சுற்றில் வரும். மூன்றாம் நாள் நான் போனபோது அந்தத் தெருவில் பத்தொன்பது பேர் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார்கள். ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றை ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், நாலு நாள் ஏற்றினார்கள். வால்வு மூடவே இல்லை. பம்ப் ஹவுஸ் திரையில் சிவப்பு எதுவும் வரவில்லை என்று ஆபரேட்டர் சொன்னார், அந்த மனிதர் அன்று நக்கல் எதுவும் பேசவில்லை.

மறுநாள் என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். எங்கள் மேற்பார்வையாளருக்கு அலுவலகத்தில் பாத்துக்கலாம் சார் என்றுதான் பட்டப்பெயர், எதைக் கேட்டாலும் பாத்துக்கலாம் என்பார். அவர் ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் போட்டார். பள்ளத்துத் தெருப் படம், நான் எடுத்ததற்கு முந்தைய நாள் இரவு எட்டு ஐம்பதுக்கு எடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது. அது மட்டுமில்லை, பதினோரு நாள் படங்களும் முந்தைய இரவு நேரத்தில்தான் இருந்தன. ராத்திரியில யாரும்மா தண்ணி பாக்கப் போவாங்க, வீட்ல உக்காந்து பழைய டியூபப் படம் புடிச்சுப் போட்டீங்களா என்றார். படத்தில் டியூபின்மேல் காலை வெயில் விழுந்திருந்ததைப் பார்த்தேன், குழாய்க்குப் பின்னால் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பிள்ளை போவதைப் பார்த்தேன், விரலை வைத்துக் காட்டத்தான் தோன்றியது, சொல்ல வரவில்லை. நாளைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மேடம் வருவார்கள், அவர்களிடம் பேசிக்கொள் என்று அனுப்பிவிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். திரையில் நீ இரண்டு கடிகாரம் வைத்திருக்கிறாய். மேலே பெரிதாக உன் நேரம். கீழே சின்னதாக என் நேரம். நான் உன்னைத் தூக்கத்தில் எழுப்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது, நீ சொன்னதும் நினைவிருக்கிறது, அன்று அதைப் பாசம் என்று அப்பாவிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். பதினோரு நாளும் கீழே இருந்த சின்னக் கடிகாரத்தைப் பார்த்து வேலைக்குப் போய் வந்தேன். போன் தன் நேரமாக வைத்துக்கொண்டிருந்தது மேலே இருந்த உன் நேரத்தைத்தான், அது மாறிவிடாமல் பூட்டி வேறு வைத்திருந்தாய். இங்கே காலை ஏழு இருபது என்றால் உனக்கு முந்தைய இரவு எட்டு ஐம்பது. ஆப் காலை ஆறு மணிக்கு முந்தைய நாள் பட்டியலை மூடிவிடும், பம்ப் ஹவுஸ் திரையில் இன்றைய பட்டியல் மட்டும்தான் தெரியும். நான் அழுத்திய சிவப்பு ஏற்கெனவே மூடிய பட்டியலுக்குள் போய் விழுந்து, யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் மூன்று நாள் குடித்திருக்கிறார்கள்.

அந்தப் பெஞ்சிலிருந்தே உன்னைக் கூப்பிட்டேன். நீ முதலில் சிரித்தாய். ஐயோ அம்மா, கீழ இருக்கறது சும்மா பாக்கறதுக்கும்மா என்றாய். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினாய். நிறுத்திவிட்டு என்ன சொன்னாய் என்பதை இங்கே எழுதுகிறேன், நீயே ஒருமுறை படித்துப் பார். போன் பிராப்ளம்னு சொல்லிடும்மா, ரெண்டு கடிகாரம் அது இதுன்னு எதுவும் வாயத் தொறக்காத, போனை யாரு கேள்வி கேக்கப் போறா என்றாய். உன்னை நான்தான் பெற்று வளர்த்தேனா என்று இருந்தது எனக்கு. ஒரு பொய்யை இவ்வளவு சரளமாக, இவ்வளவு அக்கறையான குரலில் சொல்ல எங்கே கற்றாய் என்று கேட்க நினைத்தேன், வழக்கம்போல் சரி என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் அந்த அறைக்குள் போனால் நீ சொன்னதையே தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார்கள். என் சொந்தக் கைபேசியின் கோளாறால் நேரம் தவறாகப் பதிவானது, இதற்கு வேறு யாரும் பொறுப்பல்ல என்று நாலே வரி. மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தே கொடுத்தார். போட்டுடுங்க, ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிரும், திங்கக்கெழமையிலிருந்து வழக்கம்போல சுத்துக்குப் போகலாம் என்றார். மேடம் அவர் சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது, அந்தப் பாழாய்ப்போன வாட்ச் கையைச் சுரண்டியது, நான் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், நான் பேசத்தான் எழுந்தேன் என்று நினைத்து மேடம், சொல்லுங்க என்றார்கள். இதற்காக அந்த வாட்சுக்கு நீ பெருமைப்பட்டுக்கொள்ளாதே. உட்கார வழியில்லாமல் பேசினேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். போன்ல கோளாறு இல்லைங்க மேடம், அதுல வெச்ச நேரத்தைத்தான் அது குறிச்சுது. என் பொண்ணு அவ இருக்கற இடத்து நேரத்தை வெச்சா, நான் கீழ இருந்த நேரத்தை மட்டும் பாத்தேன். டியூப் வெள்ளையா நின்னதைக் கண்ணால பாத்துட்டு, ஆபரேட்டருக்கு ஒரு போன் பண்ணாம அடுத்த தெருவுக்குப் போனேன். பண்ண வேணாம்னு எழுதியிருந்தாங்க, எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு. அப்புறம், பதினோரு நாளும் என் பேருக்கு நேரா அன்னன்னைக்குப் பட்டியல் காலியாத்தான் இருந்திருக்கும். சார் தினமும் சாயங்காலம் எல்லாம் வந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். மேடம் அவர் பக்கம் திரும்பி, திறந்து பாத்தீங்களா என்று கேட்டார்கள். அவர் பழக்க தோஷத்தில், பாத்துக்கலாம் மேடம் என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல், இரண்டு வெள்ளைத் தாள் வாங்கி நடந்ததை நானே எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

உத்தரவு நேற்று வந்தது. ஒரு வருஷத்துக்கு எனக்குச் சுற்று கிடையாது, லேபில் டியூப் கழுவ வேண்டும். பணிப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள், அதனால் இந்த வருஷம் வரவேண்டிய லேப் உதவியாளர் பதவி வராது, இனிமேலும் வருமா என்று சொல்ல முடியாது. மேற்பார்வையாளரிடம் விளக்கம் மட்டும் கேட்டிருக்கிறார்கள். வெள்ளை என்றால் ஆபரேட்டரிடம் வாயாலும் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கையை மாற்றியிருக்கிறார்கள். நீ இப்போது தலையில் கை வைத்துக்கொண்டு, ஒரு கையெழுத்துல முடிஞ்சிருக்குமே என்பாய். ஆமாம், முடிந்திருக்கும். பதினாலு வருஷம் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்ததற்கு அந்த ஒரு பதவியைத்தான் எதிர்பார்த்தேன், அது போனதில் எனக்கு வயிறு எரியவில்லை என்று நினைக்காதே. ஆனால் என் பெயரைப் பொய்க்குக் கீழே எழுதுவதற்காக நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, அந்த நாலு சாமானையும் பட்டறையில லாரிக்கு அடியில வெச்சிட்டு வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். போனில் உன் நேரத்தை எடுத்துவிட்டேன், யாரிடமும் கேட்காமல் நானேதான் தேடி மாற்றினேன், ரீஸ்டார்ட் செய்யவில்லை. இனி உனக்கு அங்கே மணி என்ன என்று எனக்குத் தெரியாது, தூக்கத்தில் கூப்பிட்டால் எழுந்து பேசு.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு நேற்று வேலை முடிந்ததும் பள்ளத்துத் தெருவுக்குப் போனேன். கடைசி வீடு, பச்சைக் கதவு. குழாய்க்கும் வாசலுக்கும் நாலு எட்டுகூட இல்லை. அந்தப் பெண்ணின் அம்மா துணி பிழிந்துகொண்டிருந்தாள், உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். நான் யார் என்பதையும் நடந்ததையும் நின்றபடியே சொன்னேன். உள்ளே வா என்று சொல்லவில்லை, திட்டவும் இல்லை. பிழிந்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு இல்ல, ஆபரேட்டர் கிடக்கட்டும், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா, கதவு தொறந்துதானே இருந்துச்சு என்றாள். பதினாலு வருஷத்தில் டியூப் காட்டியதை நோட்டிடம் சொன்னேன், ஆபரேட்டரிடம் சொன்னேன், போனிடம் சொன்னேன், அதைக் குடிக்கிறவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. போனில் நேரம் வைத்தது யார் என்று கேட்டாள், என் மகள் என்றேன். அவங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள், தெரியும் என்றேன். என்ன சொன்னாங்க என்று கேட்டாள். நீ சொன்னதை என்னால் அந்த வாசலில் நின்று சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். என் தப்புக்கு அங்கே நின்றேன், உன் தப்புக்கும் நானே நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிர் காலத்தில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. கோபத்தில் எழுதினாலும் இதை மனசாரத்தான் சொல்கிறேன், அப்பாவும் சொல்லச் சொன்னார். என்னிடம் மன்னிப்புக் கேட்டுப் போன் செய்யாதே, எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறும்போது நானே கூப்பிடுகிறேன். அதற்கு முன்னால், என்ன சொன்னாங்க என்று அவள் கேட்டதற்கு உன் கையால் பதில் எழுதி அனுப்பு. பள்ளத்துத் தெரு, கடைசி வீடு, பச்சைக் கதவு என்று எழுதினால் போதும், எங்கள் தபால்காரருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா